இரண்டு அல்பாக்காவும் ஒரு சனிக்கிழமையும்

போன சனிக்கிழமையை விடலாம். அதற்கு முந்தியதையும் விடலாம். இனி வரும் சனிக்கிழமையை எப்பாடுபட்டாவது மீட்டெடுப்பது என்று இரவீந்திரன் சபதம் எடுத்தார்.

ஒரு காலத்தில் சனிக்கிழமை அவருக்குச் சொந்தமாக இருந்தது. ஒஸ்லோ நகரின் ரொம்சோஸ் பகுதி மாடிவீட்டில் நாலு பேர், ஒரு கட்டுச் சீட்டு, முந்நூற்றிநாலு ஆட்டம். ஒரு கிழமை இவர் வீடு, மறு கிழமை கூட்டாளி சற்குணம் வீடு. இவர் வீட்டு முறை வந்தால், தேத்தண்ணி வைக்கிற சாட்டில் மனைவி யோகராணி நாலு பேர் கைச்சீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவாள்.

பிறகு அல்பாக்கா வந்தது: ஒட்டகத்தின் கழுத்தும் ஆட்டின் கம்பளியுமாக ஒரு தென்னமெரிக்க மிருகம். ஒன்றல்ல, இரண்டு. யோகராணியோடு பாலர் பள்ளியில் வேலை செய்த நோர்வேக்காரி துரொண்ட்ஹெய்ம் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய சட்டிபானையைக் கொடுப்பதுபோல இவற்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒஸ்லோவுக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஒரு கமக்காரரின் கொட்டிலில் இடம். மற்ற நாட்களில் கமக்காரர் பார்ப்பார். சனிக்கிழமை யோகராணியின் முறை. அவள் முறை என்றால், கார் ஓட்டுவதும் புழுக்கை அள்ளுவதும் இரவீந்திரன். கழுத்தைத் தடவிக் கொஞ்சுவது யோகராணி.

அவையும் ஆளறிந்துதான் நடந்தன. அவளைக் கண்டால் முனகும். இவரைக் கண்டால் துப்பும்.

அந்த நேரத்தில்தான் விலங்குகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தின் கடிதம் வந்தது. நீங்கள் செல்லமாகத்தான் வளர்க்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அல்பாக்கா நாய்பூனைக் கூட்டமில்லை, ஆடுமாட்டுக் கூட்டம். பதிய வேண்டும். குறிப்பேடு வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார்.

இரவீந்திரனின் காதுக்குள் சீட்டுக் கலைக்கும் சத்தம் கேட்டது.

"ராணி, உம்மட செல்லங்கள் செல்லப்பிராணி இல்லையாம். இறைச்சிக்கு வளர்க்கிற கூட்டமாம்."

"ஆர் சொன்னது?"

"சட்டம் சொல்லுது. வெள்ளிக்கிழமை முட்டைகூட உள்ளுக்கு விடாத வீடு. கோயிலிலை உம்மோடை சமைக்கிற ஆக்கள் அறிஞ்சால் என்ன சொல்லுவினம்?"

கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்த யோகராணியின் கத்தி நின்றது. ஒரு கணம்தான்.

"இஞ்சருங்கோ, அந்தக் கூட்டத்திலை மாடும் நிக்குதோ?"

"நிக்குது."

"பசுமாடு?"

"பசு இல்லாமல் என்ன கூட்டம்?"

"அப்ப என்ன பிரச்சினை? தை மாதம் பட்டிப்பொங்கலை அங்கையே பொங்குவம். இவ்வளவு காலமும் மாட்டுப் படத்துக்கெல்லோ மாலை போட்டனாங்கள்!"

எய்த அம்பு வீட்டுக்கே திரும்பி வந்தது. இரவீந்திரன் இரண்டாவதை எடுத்தார்.

"பொங்கும், ஆர் வேண்டாமெண்டது? ஆனால் பராமரிப்பாளர் எண்டு ஒராள் கையெழுத்து வைக்கோணும். திண்டது, தும்மினது எல்லாம் எழுதோணும். பிழைச்சால் அந்த ஆளைத்தான் பிடிப்பினம்."

கத்தி கீழே விழுந்தது. யோகராணி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, உந்தக் கரைச்சல் எனக்கு வேண்டாமப்பா."

"அதைத்தானே சொல்லுறன். வித்துவிடுவம்."

"பதியாத மிருகத்தை ஆரப்பா வாங்குவினம்? முதல்லை நீங்கள் பதிஞ்சு விடுங்கோ. நோர்வேப் பாஷை எனக்கு உங்களளவுக்கு வருமே?"

இருபது வருடமாக நோர்வேப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவள் இப்படிச் சொன்னபோதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புகழ்ச்சி உள்ளே வந்ததும் சந்தேகம் வெளியே போய்விட்டது. கணினியில் உட்கார்ந்தார். சொந்தக்காரர்: யோகராணி. பராமரிப்பாளர்: இரவீந்திரன். விற்கிற வரைக்கும்தானே! கைபேசியால் கையெழுத்தையும் போட்டார்.

வெள்ளிக்கிழமை மெல்லக் கேட்டார்.

"விளம்பரம் எப்ப போடுவம்?"

"என்ன விளம்பரம்?"

"விக்க."

"ஆர் விக்கிறது? சொந்தக்காரி நானெல்லோ! பட்டிப்பொங்கலும் வருது. எனக்கு அந்தப் பராமரிப்பாளர் வேலைதான் பயம். அதுக்கு நீங்கள் இருக்கிறியளே."

"அப்ப நாளைக்கு நீர்?"

"சட்டப்படி எனக்கு அங்கை ஒரு அலுவலும் இல்லையேப்பா."

சனிக்கிழமை அவளே கார் ஓட்டினாள். சாப்பாட்டுப் பெட்டி, தேத்தண்ணிப் போத்தல், புதுக் குறிப்பேடு. எல்லாவற்றையும் அவரோடு சேர்த்துக் கொட்டிலடியில் இறக்கினாள். "நாலு மணிக்கு வாறன்."

அள்ளினார். எழுதினார். வைக்கோல் கட்டின்மேல் குந்தித் தேத்தண்ணி குடித்தார். வயலெல்லாம் பனியில் வெயில். ஒரு சத்தமில்லை. பெரிய அல்பாக்கா வந்து, முதன்முறையாகத் துப்பாமல், நாடியை அவர் தோளில் வைத்து முனகியது. உள்ளதைச் சொன்னால், சீட்டுக்கட்டு ஒருநாளும் அவரை இப்படிப் பார்த்ததில்லை.

ஆனாலும் சீட்டுக் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆட்டமில்லாமல் பாவம் என்று மனம் கேட்கவில்லை. சற்குணத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, குறை நினையாதையும். இண்டைக்கும் வரேலாமல் போச்சு. நாலாவது கைக்கு என்ன செய்யிறியள்?"

"அதொண்டும் யோசியாதேங்கோ அண்ணை. ராணியக்கா வந்து உங்கட கதிரையிலைதான் இருக்கிறா. காலமை துவக்கம் ஒரு ஆட்டமும் தோக்கேல்லை."