ஒன்பது கம்பி

சுட்டுவிரல் நுழையவில்லை. இன்ஜினியர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை.

ஒன்பது அங்குல அகல பீம். அதன் அடிவரிசையில் ஒன்பது கம்பிகள், பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களைப் போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. விரலே நுழையாத இடத்தில் ஜல்லி எப்படி நுழையும்? மேலே கொட்டுகிற கான்கிரீட் மேலேயே நின்றுவிடும். பலகையைப் பிரிக்கும்போது பீமின் அடியில் கரையான் அரித்ததுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

பத்து மணிக்குக் கான்கிரீட் லாரி வந்துவிடும். இப்போது ஒன்பதேகால்.

வேறு யார் வீடாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். இது மாமனார் வீடு. பீமுக்கு மேலே வரப்போவது மாமனாரின் படிப்பறை.

"நாலாயிரம் புத்தகம் மாப்பிள்ளை. எல்லாத்தையும் பெட்டியில கட்டி வெச்சிருக்கேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

சாதாரண அறையாக இருந்தால் இரண்டு கம்பி போதும். நாலாயிரம் புத்தகத்துக்கு நாலு கம்பி என்று கணக்கு வந்தது. இன்ஜினியர் ஐந்து என்று எழுதினார். அவர் பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவர். கணக்கு முடிந்ததும் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடுவார். கும்பிட்ட பிறகும் ஒரு கம்பி சேர்ப்பார். கடவுள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, சரியாக ஒரு கம்பி குறைவு.

ஐந்து எப்படி ஒன்பது ஆயிற்று? ஆபீசில் படம் வரைகிற பெண்ணுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நான் எழுதிக் குடுத்தது அஞ்சுதானே?"

"அஞ்சுதான் சார். நான்தான் ஆறுன்னு வரைஞ்சேன். உங்க மாமனார் வீடாச்சே, எதுக்கும் இருக்கட்டும்னு..."

திட்ட வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவது? போனை வைத்துவிட்டுக் கம்பி மேஸ்திரியைத் தனியாக அழைத்தார்.

"மேஸ்திரி, படத்துல ஆறு. இங்க ஒம்போது இருக்கே?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஒண்ணு நான் போட்டது சார். நம்ம சார் வீட்டு வேலை, எதுக்கும் இருக்கட்டும்னு."

"மீதி ரெண்டு?"

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். வானத்துக்குக் கீழே, மணல் குவியலுக்குப் பக்கத்தில், மாமனார் நாற்காலி போட்டுக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவர் சொன்னாரு சார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. மனசு கஷ்டப்படுவீங்களாம்."

மனசு கஷ்டப்படத்தான் செய்தது. ஆனாலும் பெண் கொடுத்தவரிடம் போய், "நீங்க ஆசையாப் போட்ட கம்பியைப் பிடுங்கப்போறேன்" என்று சொல்ல முடியுமா?

இன்ஜினியர் சாரத்தில் ஏறினார். மேலே மேஸ்திரியின் தம்பி கம்பி கட்டுகிற கொக்கியோடு இருந்தார். மூன்று கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற மனிதர்.

"சத்தமில்லாம மூணு கம்பியை உருவிடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். படத்துல இருக்கற மாதிரி ஆறு நிக்கட்டும்."

ஆறு கம்பி இருந்தாலும் ஜல்லி இறங்காது என்பது இன்ஜினியருக்குத் தெரியும். ஆனால் நாலு என்று சொன்னால், ஏன் ஐந்து எழுதினாய் என்ற கேள்வி வரும். ஜல்லியைவிட அந்தக் கேள்விதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. முகம் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று, லாரி கொஞ்சம் தாமதமாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

பத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சாரத்தில் ஏறினார். பீமைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

இரண்டே இரண்டு கம்பிகள், சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி, ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

"ஐயோ! மீதி எங்கய்யா?"

மேஸ்திரியின் தம்பி வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "நீங்க மூணு உருவச் சொன்னீங்க. பெரியவர் வந்து, நெருக்கமா இருக்குதாமே, என்னோட ரெண்டையும் எடுத்துடு, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்னாரு. அண்ணன் வந்து தன்னோடது ஒண்ணை எடுக்கச் சொன்னாரு. அப்புறம் ஆபீஸ்லேர்ந்து அந்தப் பொண்ணு போன் பண்ணி, அதுவும் தன்னோடது ஒண்ணை எடுக்கச் சொல்லிச்சு. எல்லாரும் யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. நானும் சொல்லல."

கீழே லாரி ஹாரன் அடித்தது. உள்ளே போட்ட கலவை அதிக நேரம் காத்திருக்காது.

இன்ஜினியரின் மனக்கண்ணில் பலகை பிரிந்தது. நாலாயிரம் புத்தகமும் அவற்றுக்கு நடுவே மாமனாரும் கீழே வந்தார்கள். அதற்குமேல் மானத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

"எல்லாரும் கேளுங்க!" என்று சாரத்தின் மேலிருந்து கத்தினார். "நாலுதான் கணக்கு. அஞ்சாவது என் பயம். உங்களுக்கெல்லாம் அந்தப் பயத்தைத் தொத்த வெச்சது நான்தான். மாமா, மன்னிச்சுக்குங்க. நாலே நாலு கம்பி போதும்!"

மாமனார் குடையை மடக்கினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை நாலுன்னா நாலு. அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் மேஸ்திரி காதைக் கடிக்கப்போறேன்?"

லாரி டிரைவர் டிரம்மைச் சுற்றவிட்டுக்கொண்டு சிரித்தார். "மெதுவாக் கட்டுங்க சார், அரைமணி நேரம் தாங்கும்." மேஸ்திரியும் தம்பியும் இரண்டு கம்பிகளைத் திரும்பச் செருகிக் கட்டினார்கள். மாமனாரே ஏறிவந்து கட்டுக்கம்பி எடுத்துக் கொடுத்தார். விரல் சுலபமாக நுழைந்தது. பலகையை அடைத்தார்கள். கான்கிரீட் இறங்கியது. மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கிற அன்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும்போல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் இன்ஜினியர். அன்றைக்குக் கும்பிட்டபோது எதையும் கூடச் சேர்க்கவில்லை.

மாமியார் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்.

"கவலைப்படாதீங்க அத்தை. மாமாவோட நாலாயிரம் புத்தகத்தையும் இந்த பீம் அசையாமத் தாங்கும்."

மாமனார் திடீரென்று வானத்தைப் பார்த்தார்.

"நாலாயிரமா?" என்றார் மாமியார். "மொத்தமே நாப்பது புத்தகம்தான் மாப்பிள்ளை, எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு சைபர் சேத்துச் சொல்லியிருப்பார்."