அம்மணிக்கு முதல் சோறு

லாலாகுடா ரயில்வே பட்டறையில் பிரேக் பார்க்கும் உலகநாதன், ஒருநாள் காலை இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் மகள் அம்மணியால்தான். பிறந்து அன்றோடு ஆறு மாதம். அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு அப்பா சாப்பிடுவதையே பார்க்கும். அவர் இட்லியைப் பிட்டால் அதன் கண் அவர் விரலுக்குப் போகும். விரல் மேலே போனால் கண்ணும் மேலே போகும். அவர் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கும். அவர் மென்றால் அதுவும் வெறும் வாயை மெல்லும். அவர் விழுங்கியதும் ஏமாந்துபோய் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், கல்நெஞ்சனுக்கும் விக்கல் எடுக்கும். உலகநாதனுக்கோ பிள்ளை விஷயத்தில் நெஞ்சு வெண்ணெய்.

“இன்னாங்க இது, சுவத்துக்கா ஊட்டப் போறீங்க?” என்றாள் மனைவி மங்கையர்க்கரசி. குடியாத்தத்துக்காரி.

“அது பாக்குது அரசி.”

“பாக்காம? பசிக்குது. பால் போதல. ரெண்டு பருக்கைய நல்லா மசிச்சி வாயில வச்சா இன்னா கெட்டுப்போச்சி?”

“பருக்கையா!” உலகநாதன் தட்டோடு திரும்பினார். “தொண்டையில நின்னுட்டா?”

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. அதுவே ஒருவரைப் பயங்கொள்ளியாக்கப் போதும். உலகநாதனோ அதற்கு முன்பே பயங்கொள்ளி. வண்டி ஓடுமா என்பது மற்றவர்கள் கவலை. நிற்குமா என்பதுதான் பட்டறையில் அவர் கவலை. பதினோரு வருஷமாக அதே கவலைப்பட்டு, வீட்டிலும் எது கிளம்பினாலும் முதலில் பிரேக் போடுவார். போதாக்குறைக்குப் போன தீபாவளியன்று, பட்டறைக் கூட்டாளி சிவஞானம் வீட்டில் ஒரு குழந்தைக்கு முறுக்குத் துண்டு தொண்டையில் சிக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டார். முதுகில் ஓர் அடி அடித்ததும் துண்டு வெளியே வந்து விழுந்தது. குழந்தை உடனே இன்னொரு முறுக்கு கேட்டது. உலகநாதனைத்தான் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது.

“சரி, எப்பத்தான் குடுக்கலாம்? அதையாவது சொல்லுங்க.”

“விசாரிச்சுச் சொல்றேன். விஷயம் தெரிஞ்ச அஞ்சு பேரைக் கேக்கறேன். அதுவரைக்கும் அரசி இருக்கற வீட்ல அரிசிக்குத் தடை!”

தான் சொன்ன சிலேடையை ரசித்து அவரே சிரித்தார். அரசி சிரிக்கவில்லை.

அன்று பட்டறையில் விசாரணை ஆரம்பமானது. சிவஞானம், “பொண்ணுன்னா ஏழாம் மாசம், ஓய்” என்றார். ஸ்டோரில் இருந்த கிழவர், தன் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் வரை பால்தான் என்றார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருந்த உலகநாதனுக்கு அது அவ்வளவு நல்ல சாட்சியாகப் படவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஏழு என்றார். என்ஜின் டிரைவர் நரசய்யா எட்டு என்றார். கடைசியாகப் பக்கத்து மேஜை காதர் மியாவிடம் போனார். அடுத்த தெருக்காரர், ஆறு பிள்ளை பெற்றவர்.

“கைக்கு இத்தா பயம், எதுக்கு இவ்ளோ பயம், பாய்? புள்ள கேட்டா குடு. கேக்கலைன்னா நக்கோ, வேணாம்.”

“அப்படிச் சொன்னா எப்படி மியா? மாசம் வேணும்.”

“மாசமா?” காதர் மியா தாடியைச் சொறிந்தார். “ஆறு போட்டுக்கோ.”

உலகநாதன் ஐந்தையும் கூட்டினார். ஐந்தால் வகுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பெரிய கோர்ட் ஜட்ஜ் மாதிரி தொண்டையைக் கனைத்துத் தீர்ப்பு வாசித்தார்.

“ஏழு மாசம் பன்னெண்டு நாள்.”

“அது இன்னா கணக்கு பன்னெண்டு நாளு?”

“ஒருத்தர் பேச்சையும் தள்ளாத கணக்கு. அதுக்கு ஒருநாள் முன்னாடிகூட ஒரு பருக்கை போகக் கூடாது. சம்மதமா?”

மங்கையர்க்கரசி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். “சரிங்க” என்றாள்.

ஏழு வருஷத்தில் அவள் முதல் தடவையிலேயே ‘சரிங்க’ சொன்னது அதுதான் முதல். எந்தப் புருஷனும் அங்கேயே உஷாராகியிருப்பான். உலகநாதன் காபி கேட்டார்.

ஒரு வாரத்தில் அதிசயம் நடந்தது. அம்மணி அவர் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டது. அவர் அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். அது தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தது. கன்னம் உப்பிற்று. தொடையில் மடிப்பு விழுந்தது.

“பாத்தியா அரசி! எல்லாம் நாம பழக்கறதுலதான் இருக்கு.”

“ஆமாங்க. நீங்க பழக்கினதுதான்.”

ஒரே ஒரு நாள்தான் கொஞ்சம் இடித்தது. மத்தியானச் சங்கு ஊதிச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தவர், குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கும்போது அதன் காதோரம் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததைக் கண்டார்.

“அரசி! இது என்னது?”

அவள் கிட்டே வந்து பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள்.

“உங்க மீசையிலேர்ந்து விழுந்ததுங்க. காலையில பழைய சோறு சாப்டீங்களே, துடைச்சிட்டுத் தூக்கக் கூடாதா? அது வாயில போயிருந்தா?”

உலகநாதனுக்கு வியர்த்துவிட்டது. தன் மீசையே தன் பிள்ளைக்கு எமனாகப் பார்த்ததே! அன்று முதல் சோப்பு போட்டு மீசையைக் கழுவிய பிறகே குழந்தையைத் தொட்டார்.

ஆனால் பயம் என்பது வாடகைக்கு வந்த குடித்தனக்காரன் மாதிரி. ஓர் அறையைக் காலி பண்ணச் சொன்னால் அடுத்த அறைக்குப் போய்விடும். குழந்தை ஏன் சோற்றைப் பார்ப்பதே இல்லை? ஒருநாள் வேண்டுமென்றே வாழைப்பழத்தை உரித்து அதன் மூக்குக்கு நேரே ஆட்டினார். அம்மணி ஒரு கொட்டாவி விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பழம் என்றால் குதிக்கிறது. இது கொட்டாவி விடுகிறதே! பசியே எடுக்கவில்லையோ? வயிற்றில் ஏதாவது கோளாறோ? மறுநாள் பட்டறையில் ஒரே பிரேக்கை மூன்று தரம் சோதித்தார். கேட்ட கேள்விக்கெல்லாம், “பசி மந்தம்” என்று பதில் சொன்னார்.

தாங்க முடியாமல் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் எடை பார்த்தார். வயிற்றைத் தட்டினார். அம்மணி அவர் கழுத்தில் தொங்கிய குழாயைப் பிடித்து இழுத்தது.

“குழந்தை ஜம்முனு இருக்கே. என்ன குடுக்கறீங்க?”

“தாய்ப்பால் மட்டும்தான் சார்!” உலகநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். “வேற ஒரு துளி கிடையாது. என் உத்தரவு.”

டாக்டர் மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தாள்.

“அம்மா என்ன குடுக்கறாங்களோ, அதையே குடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது உலகநாதன் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய டாக்டரே தம் முறையை ஒப்புக்கொண்டுவிட்டாரே!

ஏழு மாதம் பன்னிரண்டாவது நாள் நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குச் சோறூட்டு. சிவஞானமும் காதர் மியாவும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு எலிசபெத்தும் வந்தாள். நாசரேத்துக்காரி, புருஷன் ரயில் கார்டு. சோறு மசிக்கும் வேலையை உலகநாதன் யாரிடமும் விடவில்லை. அரை மணி நேரம் மசித்தார். துணியில் வடிகட்டினார். நெய் செரிக்காது என்றார், உப்பு ஆகாது என்றார். கடைசியில் கிண்ணத்தில் இருந்தது சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு போல இருந்தது. ஒரு பக்கம் வெந்நீர், ஒரு பக்கம் துண்டு. ஏதாவது ஆனால் டாக்டரிடம் பறக்க, சிவஞானம் சைக்கிளை வாசலில் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முருகா” என்று விரல் நுனியில் ஒரு கடுகளவு எடுத்தார். அம்மணியின் வாய் தானாகத் திறந்தது. ஊட்டினார்.

அம்மணி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு ‘தூ’ என்று அவர் புதுச் சட்டையில் துப்பியது.

மறுபடி ஊட்டினார். மறுபடி துப்பியது. முகத்தைச் சுளித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, வீரிட்டது.

“தொண்டை அடைச்சிடுச்சு! சிவஞானம், வண்டிய எடு!” என்று அலறினார் உலகநாதன்.

“என்னத்துக்கு அண்ணாச்சி இப்படிப் பதறுதிய?” என்றாள் எலிசபெத். “நெய் விடாம குடுத்தா அவ என்னைக்குத் தின்னா?”

எலிசபெத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னைக்கு... என்னைக்குன்னா?” என்றார் உலகநாதன்.

“நம்ம வூட்ல கிச்சடிக்கும் நெய் கேக்கும், பாய்” என்று சமாதானமாக ஆரம்பித்த காதர் மியா, எல்லாரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார். வாசலில் சிவஞானம் காரணமில்லாமல் சைக்கிள் மணியை அடித்தார்.

“அரசி,” என்றார் உலகநாதன், “இது எத்தனை நாளா?”

“நீங்க தீர்ப்பு சொன்னீங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்துங்க. நீங்க வேலைக்குப் போனதும் பத்து மணிக்கு எலிசபெத் வூட்ல. சாயங்காலம் நீங்க வர்றதுக்கு முன்னாடி மியா வூட்ல. நம்ம வூட்ல நீங்க வேணாம்னீங்க இல்ல? அதான் நம்ம வூட்ல ரொம்பக் குடுக்கல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

மங்கையர்க்கரசி அழும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

“சொன்னா நீங்க தூங்குவீங்களா? எனக்கு மட்டும் பயம் இல்லையா? மொதல் நாளு ஒரு பருக்கைய வச்சிட்டு, அது முழுங்கற வரைக்கும் நான் மூச்சு வுடல. எலிசபெத்தக் கேளுங்க. பசியில அழுவற புள்ளைய எவ்ளோ நாளு பாக்கறது? சரி, உங்க பங்கையும் சேர்த்து நானே பயந்துக்கலாம்னு வுட்டுட்டேன்.”

பசியால் அழுத குழந்தை, தனியாகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த மனைவி, இரண்டையும் நினைத்துப் பார்த்த உலகநாதன், கிண்ணத்தைத் தாமே எலிசபெத்திடம் நீட்டினார். எலிசபெத் ஒரு ஸ்பூன் நெய்யைக் கிண்ணத்தில் விட்டாள், ஒரு கல் உப்பையும் கரைத்துவிட்டாள். அம்மணி அம்மா கையால் பத்தே நிமிஷத்தில் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு ஏப்பம் விட்டது. முதல் சோறு தின்ற குழந்தையின் ஏப்பமாகவே அது இல்லை.

ஆனாலும் புருஷன் என்று ஒரு பதவி இருக்கிறதே. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. உலகநாதன் சட்டையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சரி, போனது போகட்டும். சோறு வரைக்கும் உன் இஷ்டம். ஆனா கெட்டியா கடிச்சுத் தின்ற பண்டம் எதுவா இருந்தாலும், பல்லு முளைச்ச பிறகுதான். முளைச்சுதா இல்லையான்னு பாக்கறது என் பொறுப்பு. நான் பாத்துச் சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கணும். புரிஞ்சுதா?”

“சரிங்க” என்றாள் மங்கையர்க்கரசி.

உலகநாதன் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் பரிசோதனையாக, ஆள்காட்டி விரலை அம்மணியின் கீழ் ஈறில் மெல்ல வைத்தார்.

அவர் போட்ட அலறல் பட்டறை கேட் வரை கேட்டது.

“அது போன வாரமே முளைச்சாச்சே, அண்ணாச்சி,” என்றாள் எலிசபெத், “ரஸ்க்கு தின்னுக்கிட்டுல்லா இருக்கா!”