எல்லாம் வாயு

அடுத்தவர் வயிற்றுக்குள் நடப்பதை வெளியில் நின்றே அறிந்துவிடும் பிறவிகள் சிலர் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கொழும்பு கொட்டாஞ்சேனையில், டோரின் குடியிருந்த மாடிவீடுகளுக்கு, பேர்ணடெற் அன்ரி. மருத்துவம் படித்தாரா? எதற்கு? மூன்று பிள்ளை பெற்றவர், போதாதா?

டோரினுக்கு இது முதல் பிள்ளை. மூன்றாம் மாதம் அடிவயிறு இழுத்தது. "வாயு" என்றார் அன்ரி. ஐந்தாம் மாதம் விலாவில் குத்தியது. "வாயுதான்." இரண்டு முறையும் ஓமத்தண்ணீர் வந்தது, வலி தானாகப் போனது, புகழ் அன்ரிக்குச் சேர்ந்தது. ஆகவே ஏழாம் மாதத்தில், கணவன் கிளெமென்ற் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், இடுப்பில் தொடங்கிய நோவு முன்னால் வந்து, வயிற்றைப் பலகையாக இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கியபோது, டோரின் தன் வலியை நம்பாமல் அன்ரியையே நம்பினாள்.

"விட்டு விட்டு நோகுது அன்ரி. கொஞ்சம் இரத்தமும் பட்டிருக்கு."

"இரவு என்ன சாப்பிட்டனீ?"

"இடியப்பம்."

"பின்ன என்ன? வாயுவும் பொய்க்குத்தும் சேர்ந்திருக்கு. என்ர மூத்தவனுக்கும் இப்பிடித்தான்..."

மூத்தவனின் கதை பிறப்பில் தொடங்கி, பள்ளிக்கூடம் தாண்டி, கனடா விசாவரை போனது. நடுவில் டோரின் மேசையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அன்ரி குரலை உயர்த்திக் கதையைத் தொடர்ந்தார்.

"அன்ரி, நோகிறது எனக்கு!"

அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓட்டோ பிடித்தாள்.

யுத்த காலம். கொழும்பில் ஒரு தமிழ்க் கர்ப்பிணியின் வயிற்றை இரண்டு வகையார் உற்றுப் பார்த்தார்கள்: விளக்கம் சொல்பவர்கள், உள்ளே குண்டு கட்டியிருக்கிறாளோ என்று சந்தேகப்படுபவர்கள். சோதனைச் சாவடியில் இரண்டாம் வகை. பெண் பொலிஸ் ஒருத்தி வயிற்றைத் தடவினாள். அந்த நேரம் பார்த்து அது இறுகியது. காலையிலிருந்து அந்த வயிற்றில் கைவைத்த முதல் ஆள் அவள்தான். "யன்ட, யன்ட!" போ, போ என்று சிங்களத்தில் கத்தி ஓட்டோவை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

பிரசவத்தை நிறுத்த டொக்டர்களால் முடியவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் வழியிலேயே பிறந்திருக்கும் என்றார்கள். குருவிக்குஞ்சாக ஒரு மகள். கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்காகக் கிடந்து, பிழைத்து, வீட்டுக்கு வந்தாள்.

பார்க்க வந்தவர்களை அன்ரிதான் வாசலில் வரவேற்றார்.

"நான்தானே ஓடு ஆஸ்பத்திரிக்கு எண்டு துரத்தினனான்!"

டோரின் பிள்ளையை அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று: கடைசியாக ஒருத்தி உங்களிடம் "வயிறு நோகுது" என்றபோது, எங்கே, எப்படி என்று கேட்டீர்களா, அல்லது அவள் வாய் மூடுமுன் உங்கள் வாய் திறந்துவிட்டதா?