வயித்துல இருந்து எடுத்த முடி உருண்டை

"உன் வயித்துக்குள்ள நான் சூனியம் வச்சேனா? வச்சு எனக்கு என்ன ஆகப்போகுது அண்ணி?"

"வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பளைன்னு ஐயா சொன்னாரு. உன்னை விட்டா வேற யாரு?"

"சரி. என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அதுக்குத்தான் கூட வந்தேன்."

வாடகை மண்டபம். நாத்தனாரும் அண்ணியும் வரிசைல நின்னுக்கிட்டே மல்லுக்கட்டுறாங்க. சுத்தி நூறு பேர், வயித்தைப் பிடிச்சுக்கிட்டே வேடிக்கை.

உருண்டை ஐயான்னா சும்மாவா? ஈரப் பஞ்சை வயித்துல வச்சு அமுக்குவாரு. கத்தி இல்ல, ரத்தம் இல்ல, உள்ள வச்ச சூனியம் முடி உருண்டையா கையோட வரும். ஆஸ்பத்திரியை எல்லாம் இழுத்து மூடிடலாம்.

அண்ணி சட்டைக் கம்பெனியில கஃப், அதான் முழுக்கை நுனியில வர்ற மணிக்கட்டுப் பட்டி, தைக்கிறவ. ரெண்டு வருஷமா வயிறு முறுக்கும், உடனே ஓடணும். கம்பெனியில கக்கூஸுக்கு ஷிஃப்டுக்கு ரெண்டு டோக்கன்தான். அவளுக்கு ஆறு பத்தாது. லைன்ல 'டோக்கன் அக்கா'ன்னே பேரு.

டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. "புண்ணு இல்ல, கட்டி இல்ல. உன் குடல் கொஞ்சம் ரோஷக்காரக் குடல், தொட்டதுக்கெல்லாம் துள்ளுது. மாத்திரை தரேன். இது அடக்கி வைக்கும், அடியோட போக்காது. மலம் இறுகினாலோ ரத்தம் வந்தாலோ நிறுத்திட்டு ஓடி வா."

பத்து நாள்ல ரெண்டு டோக்கன் போதும்னு ஆச்சு. அடியோட போக்காதுன்னா அது என்ன மருந்துன்னு யாரோ கிளப்பிவிட, அண்ணி ஐயாகிட்ட வந்தா. "மாத்திரை சூனியத்தை இறுக்கிப் பிடிக்கும், நிறுத்து"ன்னாரு. நிறுத்தினா. பழையபடி ஓட்டம். கேட்டா, "வெளிய வரத் துடிக்குது"ன்னாரு. பேதி நின்னா ஐயாவோட மகிமை, ஓடினா சூனியத்தோட மகிமை. சூப்பர்வைசருக்கு இந்த மகிமை புரியல. இந்த வாரத்தோட வேலை போயிடும்னுட்டான்.

அண்ணி முறை வந்துச்சு. பாயில படுத்தா. ஐயா முழுக்கை வெள்ளைச் சட்டையோட குனிஞ்சாரு.

நாத்தனா கேட்டா: "சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சுட்டு எடுங்க ஐயா."

"மடிச்சா சக்தி அடைச்சுக்கும்மா."

"வச்சவளே வந்து தடுக்குறா பாரு"ன்னு கூட்டம் முணுமுணுத்துச்சு.

அண்ணி கண்ணு முன்னாடியே அந்தக் கஃப். வெளிய மெஷின் தையல், உள்ள கைத்தையல். இப்படி ஒரு பீஸு அவ லைன்ல வந்தா செக்கிங்ல தூக்கி எறிவாங்க. வலியையும் மறந்து ஐயா கையைப் பிடிச்சா.

"கஃப்புக்குள்ள எதுக்குங்க பை?"

பிடிச்சு உதறினா. பாயில ஏழு உருண்டை. அண்ணியோட சூனியமும் வரிசைல அடுத்து நின்ன ஆறு பேரோட சூனியமும், ஐயா வயித்தைத் தொடுறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு.

கூட்டம் ஐயாவைச் சூழ்ந்துச்சு. அப்பவும் ஒரு அம்மா, "எனக்குப் போன வாரம் எடுத்தது நிஜமா இருக்கும்ல?"ன்னு கேட்டுச்சு.

அண்ணியால நாத்தனா மூஞ்சியைப் பாக்க முடியல. "டாக்டரம்மாகிட்ட என்கூட வரியா?"

"வரேன். வழியில என்னைத் திட்டாம வா."

டாக்டரம்மா மறுபடி மாத்திரை கொடுத்து, கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதினாங்க. சூப்பர்வைசர் ஒரு மாசம் டைம் கொடுத்திருக்கான். வேலை இன்னும் முழுசாத் தப்பல.

பேதின்னு டாக்டர்கிட்ட சொல்லக் கூச்சம். நூறு பேர் முன்னாடி வயித்தைத் திறந்து காட்டக் கூச்சமே இல்ல. கொஞ்சம் யோசிங்க சாமி.

டாக்டர் கொடுத்த எந்த மாத்திரையை, யார் பேச்சைக் கேட்டு நிறுத்துனீங்க? பேர் போட வேண்டாம், கீழ எழுதுங்க.