இமிகிரேசன் அண்ணன் பார்த்தால்தான் புகார் நகரும்

கண்ணாடியில் தெரியும் தன் முகத்திடமே ‘நீ யாரு?’ என்று கேட்டுவிட்டுத் தலை சீவுகிற மனிதர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் இமிகிரேசன் அண்ணன்.

கூலாய் நகரில், கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி அது. கோளாறு என்று கிளினிக்குகள் அனுப்பும் புகார்களைப் படித்து, எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது அண்ணனின் வேலை. பாஸ்போர்ட்டைப் புரட்டும் அதிகாரி மாதிரி ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பார்ப்பார். அவர் தலையாட்டாமல் ஒன்றும் எங்களிடம் வராது.

ஒருநாள் மேனேஜர் மிஸ் லிம் அந்த வேலைக்கு ஏஐ கொண்டுவந்தார். புகாரை அதுவே படிக்கும். ஆளையும் அதுவே பிடிக்கும்.

“யாரு வளத்த பிள்ள இது? எங்க படிச்சுச்சு?” என்றார் அண்ணன்.

“நம்ம பழைய புகாரெல்லாம் படிச்சுதான் கத்துக்கிச்சு அண்ணே,” என்றேன்.

“அப்ப நம்ம தப்பையும் சேத்துதான் படிச்சிருக்கும்.”

முதல் வாரமே பத்து பாகாட் என்ற ஊரின் கிளினிக்கிலிருந்து ஒரு புகார்: ‘நோயாளி பேர் போட்டதும் மாத்தி.’ மலாயில் மாத்தி என்றால் சாவு. நம் ஊரில் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அதே சொல்தான். ஏஐ அதை இறப்புச் சான்றிதழ் பகுதியைக் கவனிக்கும் தேவிக்கு அனுப்பிவிட்டது. பதறிய தேவி, கிளினிக்குக்குப் போன் போட்டு அனுதாபம் தெரிவித்தாள்.

“அலமாக்! உயிரோட இருக்கிறவன கொன்னுடுச்சு, பாத்தியா?” அண்ணனுக்கு அன்றே தீபாவளி.

அதன்பிறகு ஏஐ அனுப்பிய அத்தனையையும் பிடித்துவைத்துச் சோதித்தார். தப்பாக அனுப்பினால் திட்டுவார். சரியாக அனுப்பினாலோ சந்தேகம் இரட்டிப்பாகும். “இவ்ளோ கரெக்டா சொல்லுதுன்னா உள்ள ஏதோ இருக்கு லா.”

அந்தக் குவியலில் மாட்டியது ஒரு புகார்: மருந்து ஒவ்வாமை எச்சரிக்கை திரையில் வரவில்லை. வந்த உடனே ஏஐ அதைச் சரியாக எனக்கு அனுப்பியிருந்தது. அண்ணன் நடுவில் மறித்துவிட்டார். மறுநாள் கிளினிக் தாதி போனில் கத்தினார்: “ஊசி போடறதுக்கு முன்னால அலர்ஜி இருக்கான்னு நான் வாயத் தொறந்து கேட்டேன், அந்த பேஷண்ட் அம்மா தப்பிச்சாங்க. நீங்கல்லாம் அங்க என்ன பண்றீங்க?”

அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. தானாகவே மிஸ் லிம் அறைக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “இனிமே அதுக்கு நிச்சயமா தெரிஞ்சது நேரா உங்களுக்கு வரும். நான் பின்னாடி நாலஞ்ச எடுத்துப் பாப்பேன். அதுக்கே சந்தேகம்னா என்கிட்ட வரும். உயிர் சமாச்சாரம்னா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வரும்.”

“கடைசில அத நம்பிட்டீங்க!”

“யாரு சொன்னா? என்னையும் நம்பல, அவ்ளோதான்.”

சிங்கப்பூரில் வேலை கிடைத்து நான் கிளம்பிய நாளில் நல்ல மழை. பஸ் இதோ வருகிறது என்றது என் போன். “அது சொல்லும்,” என்று அண்ணன் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். குடையை என் பக்கம் சாய்த்தபடி நின்று, நான் ஏறி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினார். அவர் சட்டையில் பாதி நனைந்திருந்தது.