சம்பந்தியை வேகவைத்த ஏசி

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. மூளை வேலை செய்யாத நேரம் பார்த்துத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பேன். இதை என் மனைவி செல்வி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் புரிய ஒரு பழைய கார் தேவைப்பட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் பராமரிப்பு என் வேலை. லாரி அளவு மெஷினையே பிரித்து மாட்டுகிறவனுக்குக் கார் எம்மாத்திரம்? (அப்போது முப்பது வயது. அந்த வயசுக்கே உள்ள கொழுப்பு.)

அந்தக் கோடையில் என் செகண்ட் ஹாண்ட் காருக்கு ஒரு வியாதி வந்தது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டுக்குள் 'டக் டக் டக்' என்று சத்தம். ஏசியைப் பதினாறில் வைத்தாலும் அனல்தான் வந்தது. திருமுல்லைவாயல் ஏசி மெக்கானிக் சேகர் காதை வைத்துக் கேட்டான்.

"அண்ணாத்தே, உள்ள குட்டிக் குட்டிக் கதவு கீது. சூட்டுக் காத்தையும் குளிர் காத்தையும் கலக்க ஒண்ணு. காத்தை மூஞ்சிக்கோ காலுக்கோ திருப்ப ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன மோட்டார். ஆக்சுவேட்டர்னு பேரு. கலக்கற கதவு முழுசா திரும்பல. மோட்டார் முட்டிக்கினு நிக்குது."

"அப்ப மோட்டாரை மாத்து."

"அவசரப்படாதே. மோட்டாரைக் கயட்டிட்டு, கதவைக் கையால திருப்பிப் பாக்கணும். லூசா சுத்துனா மோட்டார் போச்சு. இறுக்கமா இருந்தா கதவுலதான் கோளாறு. வண்டிய திங்கக்கெழம வுடு."

திங்கட்கிழமை வரை எப்படி விடுவது? ஞாயிற்றுக்கிழமை என் தங்கை ரேவதியின் தலையெழுத்தே அந்த வண்டியில் வர இருந்தது.

ரேவதியும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அப்பா ஏகாம்பரம், ரிட்டயரான கணக்கு வாத்தியார். கொரட்டூரிலிருந்து வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்துவிட்டார். இரண்டு முறையும் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "முடிவாகாம பொண்ணு வீட்ல கை நனைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை" என்றார். கூடவே, "பஸ்ல வந்து வெந்துபோறோம்" என்று ஒரு குத்தல். வேறு ஒரு இடமும் பார்த்துக்கொண்டிருப்பதாகக் காற்றுவாக்கில் கேள்வி. மூன்றாவது முறை வருவதே கடைசி என்று புரிந்தது. அந்த ரோஷத்தில், "நானே ஏசி கார்ல கூட்டிட்டு வர்றேன் சார்" என்று போனில் பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

பாடியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது மோட்டார் வாங்கினேன். சனிக்கிழமை முழுக்க டேஷ்போர்டுக்கு அடியில் தலை, சீட்டுக்கு மேலே கால். டீ கொண்டுவந்த செல்வி வெளியே நின்று கேட்டாள்:

"என்னங்க, டீயை எந்தப் பக்கம் குடுக்கறது?"

புது மோட்டாரும் 'டக் டக்'. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவுகட்டினேன். காற்றைத் திருப்புகிற பக்கத்துக் கதவின் மோட்டாரைக் கழற்றி இங்கே மாட்டினேன். அதற்குப் பல் உடைந்தது. திரும்ப அதன் இடத்தில் மாட்டினால் காற்று காலுக்கு மட்டும்தான் வந்தது. கதவைக் கையால் திருப்பிப் பார்க்கச் சேகர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அவன் சொன்னான் என்பதற்காகவே செய்யவில்லை. கடைசியில் இரண்டு மோட்டாரின் ஒயரையும் பிடுங்கினேன். சத்தம் நின்றது. நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு, குணமாகிவிட்டார் என்று சொல்கிற டாக்டர் நான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஜில்லென்று வந்தது. என்ஜின் சூடாகாதவரை ஹீட்டரும் சூடாகாது என்பது இவ்வளவு பெரிய மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் கொரட்டூரில் அவரையும் அவர் மனைவியையும் ஏற்றினேன். முன் சீட்டில் பட்டுச் சட்டையோடு அவர். அம்பத்தூர் வந்தபோது ஆரம்பித்தது.

"தம்பி, காலுக்குக் கீழ சூடா வருதே?"

"டிராபிக்ல அப்படித்தான் சார். இப்ப கூலாயிடும்."

ஃபேனைக் கூட்டினேன். அனலும் கூடியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே! ஜன்னலை இறக்கினேன். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புழுதி பட்டுப்புடவையில் படுகிறது என்று பின்னாலிருந்து அந்தம்மா கத்தினார். ஏற்றிவிட்டேன்.

திருமுல்லைவாயலில் அவர் செருப்பைக் கழற்றிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டார். ஆவடியில் சட்டைப் பட்டன் மூன்று திறந்தன.

"தம்பி, இது ஏசிதானா?"

பின்னாலிருந்து பதில் வந்தது: "இட்லி வேகற நேரம் ஆயிடுச்சுங்க. இறக்கி வைக்கச் சொல்லுங்க."

வெள்ளானூரில் வண்டி நின்றதும் குதித்தார். வாசலில் கைகூப்பி நின்ற அம்மாவைத் தாண்டி நேராக உள்ளே போனார். கூடத்தில் ரேவதி, விருந்துக்கு வைத்திருந்த சமையல்காரருக்காக ஒரு சொம்பு மோரோடு போய்க்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கி அண்ணாந்து குடித்தார். "இன்னும் இருக்காம்மா?" என்றார். அவள் ஊற்ற ஊற்ற இரண்டாவது சொம்பும் காலி.

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்:

"என்னங்க... கை நனைச்சுட்டீங்களே!"

மீசையில் மோரோடு சொம்பைப் பார்த்தார். ரேவதியைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வை மட்டும் வேறு மாதிரி இருந்தது. கடைசியில் துண்டால் வாயைத் துடைத்தார்.

"ஆமா, நனைச்சாச்சு. இலையைப் போடச் சொல்லுங்க. சாயங்காலம் நாங்க பஸ்ல போய்க்கறோம்."

மறுநாள் சேகர் மோட்டாரைக் கழற்றிக் கதவைக் கையால் திருப்பினான். அசையவில்லை. விரலை விட்டு இழுத்தான். காய்ந்த கனகாம்பரம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு நான் வைத்த பூ. கண்ணாடியோரத்துச் சந்து வழியாக உள்ளே போய்க் கதவை அடைத்திருக்கிறது.

"இவ்ளோ பூவை உள்ள தள்ளிட்டு, மோட்டார் மேல பழி போடறியே அண்ணாத்தே!"

ரேவதி கல்யாணம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. என் புகழ் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"ஞாயித்துக்கெழமை உங்க வண்டி வேணும் சார். பொண்ணுக்கு ஒரு இடம். மாப்பிள்ளையோட அப்பா மூணு மாசமா கை நனைக்காம இழுத்துக்கினே கீறாரு."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

சாவியை வாங்கியவர் கேட்டைத் தாண்டவில்லை. திரும்பி வந்து கவலையோடு கேட்டார்:

"ஏசியை ரிப்பேர் கிப்பேர் பண்ணிடலியே?"