வியன்னா தட்கல்

"இன்னும் நாலு நிமிஷம். யாரும் எதையும் தொடாதீங்க," என்றார் மாரிசாமி.

ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் இருந்த அவர் வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு ஆண்கள் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு திரையிலும் ஒரே பக்கம்தான். செப்டம்பர் பதினான்கு, வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு இரவு ரயில், இருவருக்கான தனிப் படுக்கை அறை. ஆறு மாதத்துக்கு முன்னால், வியன்னாவில் காலை எட்டு மணிக்கு முன்பதிவு தொடங்கும். அப்போது ஆக்லாந்தில் மாலை போய் மணி எட்டாகியிருக்கும்.

"ஏன் மாரிசாமி, உந்த ஒரு அறைக்கு நாலு பேர் வேணுமே?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷம் நியூசிலாந்தில் இருந்துவிட்டதால் அவசரம் என்பதை மறந்தே போனவர்.

"அண்ணே, நீங்க தட்கல் பார்த்ததில்ல. ஒரு பொங்கலுக்கு எழும்பூர்ல இருந்து கோவில்பட்டி போக, ஏழு பேர் ஏழு ஊர்ல உக்காந்து அமுக்குனோம். ஆறு பேருக்குச் சுத்திக்கிட்டே நின்னுச்சு. ஒருத்தனுக்கு வெயிட்டிங் லிஸ்ட் நூத்திப் பதினொண்ணு. நாலு பேர் அமுக்குனாத்தான் ஒருத்தருக்காவது கிடைக்கும்."

"கரெக்ட்டுண்ணே," என்றான் சுந்தரம். மாரிசாமியின் ஆபீஸில் வேலை பார்ப்பவன். திருச்சிக்காரன், அதனால் அவனும் தட்கலில் அடிபட்டவன். நான்காவது ஆள் கீதன். அதே ஆபீஸ், போன வருஷம் கல்யாணமானவன், எதற்குக் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல் வந்துவிடுகிற பிள்ளை.

இவ்வளவு ஏற்பாடும் கண்மணிக்காக. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரிசாமி கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் இருந்தபோது கண்மணி பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். வியன்னா, வெனிஸ், ரயிலிலேயே படுத்துத் தூங்கிப் போவது, ரெண்டே ரெண்டு பேர், கூட்டமே கூடாது. இவ்வளவும் காதில் விழுந்தது. மீதியைக் கடைசி ஓவர் கொண்டுபோய்விட்டது. "சரி, டிக்கெட் எடுக்கறது என் பொறுப்பு," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் அந்த 'ரெண்டே ரெண்டு பேர்' அவருக்கு உறைத்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனதே வேனில், பதினோரு உறவினர்களோடு. ஏரியில் படகு விட்டபோதுகூட நடுவில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு பிள்ளை, விசா, வீடு, வேலை. பாவம், எத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தாளோ என்று நினைத்துக்கொண்டார் மாரிசாமி. இந்த ஒரு பயணத்தில் தப்பு நடக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். பிளேன் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரயில் பெர்த்.

"அமுக்குங்க!"

நான்கு பேரும் அமுக்கினார்கள். எதுவும் சுற்றவில்லை.

"எனக்குக் கிடைச்சிருச்சுண்ணே!" என்று கத்தினான் சுந்தரம்.

"எனக்கும் வந்திட்டுது," என்றான் கீதன்.

"எனக்கும் ஏதோ பச்சையாக் காட்டுது," என்றார் நவரத்தினம்.

மாரிசாமி தன் திரையைப் பார்த்தார். அங்கும் பச்சைதான். நான்கு அறை, நான்கிலும் பயணிகள் மாரிசாமி, கண்மணி. அவரவர் கார்டில், அவரவர் செலவில்.

நான்கு பேரும் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நவரத்தினம், "அப்ப அங்க ரயிலில இடம் இருக்கு போல," என்றார்.

விதிமுறைகளைச் சுந்தரம் வாய்விட்டு வாசித்தான். பயணத்தை ரத்து செய்தால் பணம் வராது. ஆனால் பெயரை மாற்றலாம், தேதியை மாற்றலாம்.

"நான் எல்லாருக்கும் கொடுத்துடறேன்," என்றார் மாரிசாமி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"என்னண்ணே இப்படிப் பேசறீங்க? பேர் மாத்தலாம்னு போட்டிருக்கு. நானும் மீனாட்சியும் வர்றோம். அவளும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கா."

"நானும் நிசாந்தினியும் வாறம் அண்ணா," என்றான் கீதன்.

நவரத்தினம் யோசித்தார். "புஷ்பவதியிட்டக் கேக்கவேணும்," என்று மனைவிக்குப் போன் போட்டார். அவர் முழுதாகச் சொல்லி முடிக்குமுன்பே மறுமுனையிலிருந்து, "ஓம், ஓம், வாறம்," என்ற குரல் மேசை வரை கேட்டது.

உதவிக்கு வந்தவர்களை வராதே என்று எப்படிச் சொல்வது? "கண்மணிக்கு மட்டும் தெரிய வேணாம். சர்ப்ரைஸ்," என்று மட்டும் கேட்டுக்கொண்டார் மாரிசாமி. அது அவருடைய முதல் தப்பு.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து கண்மணி வந்ததும், "டிக்கெட் ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு."

"ரெண்டு பேருக்குத்தானே? கூட்டம் இல்லையே?"

"ரெண்டே பேர்," என்றார் மாரிசாமி, ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு.

கண்மணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் ஆபீஸ் மதிய இடைவேளையில் மாரிசாமி வேலையை ஆரம்பித்தார். வராதே என்று சொல்லத்தானே கூடாது, பயமுறுத்தலாம் அல்லவா?

"சுந்தரம், அந்த ரயில்ல நமக்குச் சாப்பிட ஒண்ணும் கிடைக்காதாம். ரொட்டியும் பன்றியும்தான். மீனாட்சி சைவமாச்சே. பாவம், ராத்திரி பூரா பட்டினி."

சுந்தரம் முகம் வாடியது. மாரிசாமி நிம்மதியாக டீ குடித்தார். அன்று மாலையே நவரத்தினம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"மாரிசாமி, சாப்பாடு பற்றி யோசிக்க வேண்டாம். சுந்தரம் எல்லாம் சொன்னவர். புஷ்பவதி புட்டும் சம்பலும் கட்டுவா, மீனாட்சி புளியோதரை. எல்லாருக்கும் காணும். இன்னும் கேளுங்கோ, சூரிச்சில இருக்கிற என்ர தம்பிக்கும் சொன்னனான். புட்டெண்டு கேட்டதும் அவையும் வாறம் எண்டினம்."

"தம்பியுமா?"

"தனி அறை கிடைக்கேல்லையாம். ஆறு பேர் படுக்கிற பெட்டிதான் கிடைச்சதாம். மிச்சம் வெறுமையாக் கிடக்கக் கூடாதெண்டு மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு வாறான்."

மாரிசாமி விரல் விட்டு எண்ணினார். பதினான்கு. கொடைக்கானல் வேனையே தாண்டிவிட்டது.

வீட்டுக்குள் கண்மணி வேறு உலகத்தில் இருந்தாள். வேலைக்குப் போகும்போது அவளைக் காரில் ஏற்றிப்போகும் இல்லத்துத் தோழி சோபனா வாசலில் ஹாரன் அடிப்பதற்குள், மசாலா டப்பாக்களில் எல்லாம் பேர் எழுதி ஒட்டினாள். சாயங்காலங்களில் மாரிசாமியை வாஷிங் மெஷின் முன்னால் நிறுத்தி, எந்தப் பட்டனை எப்போது அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். வேலையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறாள், நியாயம்தானே என்று அவரும் கற்றுக்கொண்டார். செப்டம்பரில் உங்களுக்கு லீவ் கிடைக்குமா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தன் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று மாரிசாமிக்குப் பெருமையாக இருந்தது.

"புஷ்பவதி அக்கா என்னைப் பார்த்தாலே சிரிக்கிறாங்க. என்ன விஷயம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவங்க சுபாவம் அது," என்றார்.

இனி ஒரே வழிதான். சத்தமில்லாமல் தங்கள் இருவர் டிக்கெட்டை மட்டும் ஒருநாள் முன்னதாக, பதின்மூன்றாம் தேதிக்கு மாற்றிவிட வேண்டியது. கண்மணியோடு வெனிஸில் இறங்கிக் காபி குடித்துவிட்டு நடந்துவிட்டால், மறுநாள் பதினான்காம் தேதி ரயில் புட்டோடு வந்து சேரட்டும். ஆபீஸில் யாரும் இல்லாத ஒரு மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினார். பச்சை வந்தது. முதல் தடவையாகத் தனி ஆளாக, சாமர்த்தியமாக ஒரு காரியம் முடித்த திருப்தியோடு வெளியே வந்தார்.

கதவுக்கு வெளியே சுந்தரம் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பதிமூணுக்கு மாத்திட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா டிக்கெட்டும் ஒரே இடத்துல வரணும்னு நீங்கதானே அன்னிக்குப் பொது ஈமெயில் ஒண்ணு ஆரம்பிச்சு நம்ம நாலு பேர் போன்லயும் போட்டுவிட்டீங்க. டிங்குனு வந்துச்சு. நானும் கீதனும் மாத்தியாச்சு. நவரத்தினம் அண்ணனும் மாத்திட்டாராம்."

"சூரிச்?"

"அவங்களுக்குப் பதிமூணுதான் வசதியாம்ண்ணே. ரொம்ப சந்தோஷப்பட்டாங்களாம்."

சனிக்கிழமை நவரத்தினம் வீட்டில் கூட்டம். கண்மணி வேலைக்குப் போயிருந்தாள். ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா, ரயிலில் பிளக் பாயிண்ட் இருக்குமா என்று விவாதம் நடந்தது. புட்டு முதல் நாளே அவிப்பதா அன்றைக்கே அவிப்பதா என்பதில் புஷ்பவதிக்கும் மீனாட்சிக்கும் கருத்து வேறுபாடு. யார் அறை எது என்று கீதன் ஒரு பேப்பரில் கட்டம் போட்டு எழுதியிருந்தான். மாரிசாமி கண்மணி அறைக்கு ஒரு பக்கம் நவரத்தினம், மறுபக்கம் சுந்தரம். சாப்பாட்டுப் பைகளைப் பொதுவாக மாரிசாமி அறையில் வைக்கலாம் என்று சுந்தரம் சொல்ல, எல்லாரும் சரி என்றார்கள்.

மாரிசாமி எழுந்து நின்றார். அவருக்கே அது தெரியவில்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

"எனக்கு என் பொண்டாட்டிகூடத் தனியாப் போகணும்," என்றார்.

கீதன் கூரையைப் பார்த்தான். ஐம்பத்து நான்கு வயது ஆள் நாலு பேர் நடுவில் சொல்கிற வார்த்தையா அது? மாரிசாமிக்குக் காது சுட்டது. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்தஞ்சு வருஷத்துல அவ என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. நகை கேட்டதில்ல, ஊருக்கு அனுப்புன்னு கேட்டதில்ல. முதல் தடவையா ரெண்டே ரெண்டு பேர் போகணும்னு கேட்டிருக்கா. நானும் இத்தனை வருஷமா அவளை எங்கேயும் தனியாக் கூட்டிட்டுப் போகணும்னு நெனைக்கவே இல்ல. எனக்கே அது வெக்கமா இருக்கு. அந்த ஜன்னல்கிட்ட அவளும் நானும் மட்டும் உக்காந்து போகணும். அவ்வளவுதான். இதைச் சொல்லத் தைரியம் இல்லாமத்தான் ஏதேதோ பண்ணிட்டேன்."

மீனாட்சி மூக்கை உறிஞ்சினாள். நவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"உந்தக் கண்ணாடியைத் துடைச்சது காணும்," என்றார் புஷ்பவதி கணவனிடம். "மனுசன் எப்பிடிக் கதைக்கிறார் எண்டு கேளுங்கோ. முப்பத்தாறு வருசத்தில நீங்கள் என்னட்ட இப்பிடி ஒரு சொல்லுச் சொன்னனீங்களே?"

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. எல்லாரும் அங்கேயே போனை எடுத்து ஒரு வாரம் தள்ளி மாற்றிக்கொண்டார்கள். சூரிச்சுக்கு நவரத்தினமே பேசினார். சுந்தரம் வாசல் வரை வந்து, "மன்னிச்சுக்கங்கண்ணே," என்று கையைப் பிடித்துக்கொண்டான். மாரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலிக்கு இந்தப்பக்கம் வந்தபோது, கல்யாணத்தன்றுகூட இவ்வளவு லேசாக நடக்கவில்லை என்று தோன்றியது.

கண்மணி வேலையிலிருந்து வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கண்மணி, இப்ப எல்லாம் பக்கா. பதிமூணாம் தேதி. ரெண்டே ரெண்டு பேர். பக்கத்து அறையில தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இருக்காது. நீ கேட்ட மாதிரியே."

"நெசமாவா?" கண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க ஏதாவது சொதப்புவீங்கன்னுதான் நெனச்சேன். கூட்டத்தை இழுத்து வச்சிருவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். ரொம்ப தேங்க்ஸுங்க." அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

வாசலில் கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கதவைத் தட்டிவிட்டு, யூனிஃபார்மோடு உள்ளே வந்தாள் சோபனா. கையில் ஒரு பாஸ்போர்ட்.

"அண்ணா, இதை ஒருக்காப் பிடியுங்கோ," என்றாள். "அக்காவும் நானும் போற ரயிலுக்கு நீங்கள் இவ்வளவு நாளா என்ர முழுப் பேரைக் கேக்கவே இல்லையே!"